நீலப் பெயிண்ட் பூசிய குண்டு

போன மாதம் எங்கள் பழம்பொருள் சேகரிப்பு நிலையத்தில் இப்போது வேலை பார்க்கிற பெண்கள் இரண்டு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். நாகல் நகரில் என் வீடு சந்துக்குள் சந்து. ஆட்டோக்காரரே இறங்கி வந்து வீட்டைக் காட்டிவிட்டுப் போனார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பழைய சாமான்களைக் கையில் எடுத்துப் பார்க்கிற மாதிரி ஒரு மேஜை போடப்போகிறார்களாம். அதற்கு என்னிடம் யோசனை கேட்டார்கள்.

"முன்னாடி அந்த மாதிரி ஒரு மேஜை இருந்துச்சாமே அக்கா. அப்புறம் ஏன் எடுத்துட்டீங்க?" என்றாள் ஒருத்தி.

காபி போட்டு வருகிறேன் என்று அடுப்படிக்குள் போய்விட்டேன். வாயால் சொல்ல வரவில்லை, எழுதித் தருகிறேன் என்று சொல்லி அவர்களை அனுப்பினேன். அதைத்தான் எழுதுகிறேன்.

நான் தொண்ணூற்றொன்றில் பெருக்கித் துடைக்கிற வேலைக்குத்தான் அங்கே சேர்ந்தேன். ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்திய அறக்கட்டளை அது. இடம் ஒரு பழைய புகையிலைக் கிடங்கு. எத்தனை தரம் வெள்ளையடித்தாலும் மழைக்காலத்தில் சுவரிலிருந்து புகையிலை வாசம் கிளம்பும். ராஜா சிலை, செப்பேடு எதுவும் எங்களிடம் கிடையாது. படி, மரக்கால், அரிக்கேன் விளக்கு, வால்வு ரேடியோ, வேளாங்கண்ணி போனவர்கள் வாங்கி வந்த சிப்பிப் பெட்டி, யாரோ கொழும்பிலிருந்து கொண்டு வந்த கண்ணாடி யானை, கல்யாணப் பரிசாக வந்து ஓடாமல் நின்றுபோன சுவர்க்கடிகாரம். இந்த மாதிரி சாமான்கள்தான். என் கையெழுத்து நன்றாக இருந்ததால் அங்கே பொறுப்பாக இருந்த திலகவதி மேடம் என்னைத் துடைப்பத்திலிருந்து பொருட்களுக்கு விவர அட்டை எழுதுகிற வேலைக்கு மாற்றிக்கொண்டார்.

மேடம் பெண்கள் பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. சேர்ந்த வருஷமே அதைத் தெரிந்துகொண்டேன். ஒரு விவசாயி கமலையில் தண்ணீர் இறைத்த தோல் பை மாதிரியான சால் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தூசி தட்டலாம் என்று தூக்கினேன். உள்ளிருந்து கட்டுவிரியன் குட்டி ஒன்று வழுக்கி என் காலடியில் விழுந்தது. மேடம் வாசற்படியில் நின்றபடி, "ராணி, அசையாத. அது தானாப் போயிடும்" என்றார், கரும்பலகை முன்னால் நின்று பேசுகிற அதே குரலில். அது சுவரோரமாக ஊர்ந்து வெளியே போகிற வரைக்கும் அவர் கண் அதைவிட்டு விலகவில்லை. போன பிறகு பார்க்கிறேன், கதவு நிலையைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

அதற்கப்புறம்தான் தனியறை வந்தது. எந்தப் பொருள் வந்தாலும் முதலில் அங்கே ஒரு வாரம் கிடக்க வேண்டும். பூச்சி பொட்டு இருந்தால் வெளியே வரட்டும். இரும்பென்றால் தண்ணீர் படக்கூடாது, காய்ந்த துணிதான். பொருளின் மேல் எதையும் எழுதக்கூடாது, நாடாவில் சீட்டுக் கட்ட வேண்டும். யார் வைத்திருந்தது, எதற்கு வைத்திருந்தது என்று கொடுக்கிறவரிடம் கேட்டு, அவர் பேச்சிலேயே எழுத வேண்டும். இதெல்லாம் என் வேலை. மேடத்தின் வேலை எழுந்து நின்று இரண்டு கையாலும் பொருளை வாங்குவது. அது உடைந்த அகப்பையாக இருந்தாலும் அப்படித்தான் வாங்குவார். "இனிமே இது எங்க பொறுப்பு" என்பார். கொடுக்கிறவர்கள் முகம் அப்போது மாறும். சிலர் அழுதிருக்கிறார்கள்.

சித்தையன்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருந்த இபுராகிம் அண்ணன் வந்தது தொண்ணூற்றைந்து வாக்கில். அவர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மேடம் போய், பழைய சாமான் இருந்தால் கொடுங்கள் என்று பேசியிருந்தார். அதைக் கேட்டுவிட்டு ஒரு டிரங்குப் பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"அத்தா பர்மாச் சண்டைக்குப் போனவங்க மேடம். போன வருஷம் மவுத்தாயிட்டாங்க. வீட்டுல கெடந்தா கரையான் திங்கும். இங்க இருந்தா நாலு பேரு பாப்பாங்கள்ல" என்று இறந்துபோன தன் அப்பாவின் பெட்டியைக் காட்டிச் சொன்னார்.

பெட்டிக்குள் மிலிட்டரிக் கம்பளி, பித்தளைக் கொக்கி வைத்த பெல்ட், நீல விளிம்பு போட்ட வெள்ளை எனாமல் குவளை, ரங்கூனில் வாங்கிய அரக்குச் சிமிழ் எல்லாம் இருந்தன. கடைசியாகத் துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்தார். சின்ன மாதுளம்பழம் அளவு. உடம்பெல்லாம் கட்டம் கட்டமாக வெட்டு. அந்த வெட்டெல்லாம் தூர்ந்துபோகிற அளவுக்கு நீலப் பெயிண்ட்.

"இது அத்தா கொண்டாந்த குண்டு. பயப்படாதீங்க மேடம், வெறும் கூடு. உள்ள ஒண்ணுமில்லன்னு அத்தாவே சொல்லிருக்காங்க. கடையில பொட்டலம் மடிக்கிற பேப்பர் ஃபேன் காத்துல பறக்காம இருக்க, மேல இதத்தான் வப்போம். நோம்புப் பெருநாளைக்குக் கடைக் கதவுக்குப் பெயிண்ட் அடிக்கிறப்ப இதுக்கும் ஒரு பூச்சு பூசிருவோம்."

மேடம் அதைத் திருப்பிப் பார்த்தார். "அடியில மூடி மாதிரி இருக்கே. தொறந்து பாத்திருக்கீங்களா?"

"பெயிண்ட்ல ஒட்டிப்போச்சு மேடம். நான் பொறக்கறதுக்கு முந்தியே கடையில இருக்கு. என் மகன் தவழுற வயசுல இத உருட்டித்தான் வெளையாடுவான்."

மேடம் கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தார். ஐம்பது வருஷம் கடையில் இருந்த பொருள். சந்தேகப்பட எங்கள் இருவருக்கும் எதுவும் தெரியவில்லை. இரண்டு கையாலும் வாங்கி என்னிடம் கொடுத்தார்.

பிள்ளைகள் தொட்டுப் பார்க்கிற மேஜை அவருடைய ஆசை. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைப் பிள்ளைகள் மறந்துவிடும், கையில் தூக்கிப் பார்த்தால் மறக்காது என்பார். உடையாத சாமான்களாகப் பார்த்து வைத்தோம். படி, இரும்பு உரல், இஸ்திரிப் பெட்டி, அந்த நீலக் குண்டு. பையன்களுக்கு அதன் கனம் பிடிக்கும். மேஜை மேல் உருட்டுவார்கள். கீழே விழுந்திருக்கிறது. நானே ஒருமுறை துடைக்கிறபோது கை தவறவிட்டு, சிமெண்டுத் தரையில் ஒரு சில்லு பெயர்ந்தது. தரை போச்சே என்றுதான் கவலைப்பட்டேன். மூன்று வருஷம் அப்படிப் போனது.

அந்த வெள்ளிக்கிழமை கீரனூரிலிருந்து ஒரு பள்ளிக்கூடம் வந்திருந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், கூட விளையாட்டு ஆசிரியர் கந்தசாமி சார். நான் அவரிடம் ரேடியோவைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சின் நடுவே அவர் பார்வை என் தோளைத் தாண்டிப் போய் நின்றது.

திரும்பிப் பார்த்தேன். ஒரு சின்னப் பெண் குண்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து நகத்தால் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பெயிண்ட் பிளந்து உள்ளிருந்து ஒரு வளையம் தலை நீட்டியிருந்தது. அதற்குள் விரலை மாட்டி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வளையம் லேசாக அசைந்தது.

கந்தசாமி சார் சத்தம் போடவில்லை. "அம்மிணி, அப்படியே இரு கண்ணு. இழுக்காத. சார் வர்றேன், அப்படியே இரு" என்று சிரித்துக்கொண்டே நடந்து போனார். போய் மண்டிபோட்டு உட்கார்ந்து, அவள் கையோடு சேர்த்துக் குண்டை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தார்.

"இப்ப உன்ற வெரல மட்டும் மெதுவா எடுத்துக்கோ. அவ்வளவுதான். சமத்து. போயி எல்லாத்தையும் கூட்டிட்டு வெளிய மரத்தடியில வரிசையா நில்லுங்க. ஓடக்கூடாது."

பிள்ளைகள் போன பிறகுதான், கூடத்துக்குள் வந்து நின்ற மேடத்தைப் பார்த்தார். நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது.

"ஏனுங்க மேடம், இதோட அடி மூடியத் தொறந்து பாத்தீங்களா?"

"இல்லை."

"நான் பட்டாளத்துல இருந்தவனுங்க. வெறும் கூடுன்னா இத்தன கனம் இருக்காதுங்க. மருந்து அப்படியே இருக்குதுங்க. இந்த வளையம் கழண்டு வந்தா, மேல இருக்கற இந்தப் பிடிய விட்டா, அவ்வளவுதானுங்க. நான் கைய எடுக்க முடியாது. மண்ணு வேணும்."

சுவரில் தீயணைக்கிற சிவப்பு வாளி மண்ணோடு தொங்கியது. அதை எடுத்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். அவர் குண்டைப் பிடித்தபடி பின்னால் வந்தார். கூடத்திலிருந்து தனியறைக்கு நான் தினமும் நடக்கிற வழிதான் அது. பின்னால் அவர் மூச்சுச் சத்தம் கேட்டது. அது நின்றுவிடக்கூடாது என்று ஜெபித்துக்கொண்டே நடந்தேன். வீட்டில் என் பிள்ளைகள் முகம்கூட நினைவுக்கு வரவில்லை. வாளிக் காது கிரீச்சிடுகிறதே, அந்த அதிர்வில் ஏதாவது ஆகிவிடுமோ என்றுதான் இருந்தது.

மூலையில் சாக்கை மடித்துப் போட்டு, வாளியை வைத்து, மண்ணில் குழி பறித்துக் கொடுத்தேன். அவர் குண்டை அதில் இறக்கி, பிடி எழும்பாதபடி மண்ணை அணைத்து, ஒவ்வொரு விரலாகக் கையை எடுத்தார். "நீங்க போயிருங்கம்மா" என்றார். நான் அசையவில்லை. தைரியத்தால் இல்லை. மேடம் உள்ளே வந்து என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப் போனார்.

பக்கத்துக் கட்டடத்தில் தையல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. "பொய் சொல்ல வேண்டாம். பாதுகாப்புக்காக எல்லாரும் வெளிய வரணும்னு மட்டும் சொல்லு" என்று மேடம் என்னை அனுப்பினார். பெண்கள் பாதி தைத்த ஜாக்கெட்டுகளோடு முனகிக்கொண்டே வந்தார்கள். மேடம் எதிரே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ப் போலீசுக்குப் போன் செய்தார்.

அது எந்த மாதிரி காலம் என்று சொன்னால்தான் மிச்சம் புரியும். மேற்கே ஒரு பெரிய ஊரில் குண்டுகள் வெடித்துப் பல உயிர்கள் போன வருஷம் அது. பஸ் ஸ்டாண்டில் கேட்பாரற்றுக் கிடக்கிற பையைப் பார்த்தாலே கூட்டம் சிதறும்.

இன்ஸ்பெக்டர் வந்தார். தெருவை இரண்டு பக்கமும் அடைத்தார்கள். மதுரையிலிருந்து குண்டு எடுக்கிறவர்கள் வர வேண்டும் என்றார்கள். வேப்பமரத்தடியில் நிற்க வைத்தே விசாரணை நடந்தது.

"யார் குடுத்தது இத?"

மேடம் சொன்னார். பெயரைக் கேட்டதும் இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது. நிமிர்ந்து பக்கத்திலிருந்த ஏட்டைப் பார்த்தார். ஏட்டு எதுவும் கேட்காமல் ஜீப்பை நோக்கி நடந்தார். அந்தப் பார்வையைப் பார்த்தபோது, உள்ளே வாளிக்குள் கிடந்ததைக் காட்டிலும் பெரிய பயம் ஒன்று என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது.

"அவங்க அப்பா ராணுவத்துல இருந்து கொண்டு வந்தது. மூணு வருஷமா இது எங்க பொருள், எங்க பொறுப்பு. கேக்க வேண்டியத என்னக் கேளுங்க" என்றார் மேடம்.

"அதெல்லாம் விசாரணையில பாத்துக்கிறோம்மா. நீங்க வயசானவங்க, வீட்டுக்குப் போங்க."

மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நான் ஸ்டேஷனுக்குப் போறேன். நீ சித்தையன்கோட்டைக்குப் போ. அவர் சம்சாரம் தனியா இருப்பாங்க. போய்க் கூட இரு."

செம்பட்டி வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் கொத்தமல்லியும் தக்காளியும் கூடை கூடையாக அடுக்கியிருந்தது. பக்கத்தில் இருந்தவர், "டவுன்ல குண்டு வச்சிட்டாங்களாம்மா, தெரியுமா?" என்று கேட்டார். வச்சிட்டாங்களாம். வாய் திறந்து இல்லை என்று சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டால்? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் போவதற்குள் ஜீப் வந்து போயிருந்தது. கடைக் கதவு பாதி இறங்கியிருந்தது. பருப்பு மூட்டையும் மிளகாய் மூட்டையும் தரையில் கொட்டிக் கலந்து கிடந்தன. அந்தத் தெருவில் ஒரு வீட்டுக் கதவுகூடத் திறந்திருக்கவில்லை. அவர் மனைவி ஜமீலா அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னை யாரென்று சொன்னதும் வெறித்துப் பார்த்தாள்.

"நீங்கதானக்கா கேட்டீங்க. பழைய சாமான் இருந்தா குடுங்கன்னு நீங்கதான கேட்டீங்க."

பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சோத்துப் பானையில கையவிட்டுத் தேடுறாங்கக்கா. இவரு சட்டை போட்டுட்டு வாரேன்னு கேட்டாரு. விடல. பனியனோட ஏத்திட்டுப் போயிட்டாங்க." என் கையைப் பிடித்தாள். "அக்கா, அது நெசமாவே வெடிக்குமா?"

"தெரியலம்மா. மருந்து இருக்குன்னு சொல்றாங்க."

"எம் மகன் பல்லு மொளைக்கிறப்ப அதக் கடிச்சுக்கிட்டே கெடப்பான்கா." அதைச் சொல்லிவிட்டுத்தான் அழ ஆரம்பித்தாள். சிறிது நேரத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து அந்த மகன் வந்தான். மூட்டைகளைப் பார்த்தான். அத்தா எங்கே என்று கேட்கவில்லை. வழியிலேயே யாரோ சொல்லியிருக்கிறார்கள். பையைக் கழற்றாமலே உட்கார்ந்து மிளகாயிலிருந்து பருப்பைப் பொறுக்க ஆரம்பித்தான்.

பொழுது சாய்வதற்கு முன் அவளுடைய அண்ணன் வந்து சேர்ந்தார். அவரிடம் விட்டுவிட்டு நான் திரும்பினேன். நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். வாசல் பெஞ்சில் மேடம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கந்தசாமி சார். பிள்ளைகளைப் பஸ் ஏற்றி வேறொரு ஆசிரியரோடு அனுப்பிவிட்டு அவர் நின்றுவிட்டார்.

"வெடிச்சுதுங்கம்மா" என்றார் என்னைப் பார்த்ததும். ஊருக்கு வெளியே வறண்ட குளத்துக்குக் கொண்டுபோய் மண்மூட்டை அடுக்கி வெடிக்கவைத்தார்களாம். "கரையெல்லாம் அதிர்ந்துதுங்க. மூட்டை கிழிஞ்சு மண்ணு ஆளுயரத்துக்கு எந்திரிச்சுது."

நான் ஸ்டேஷன் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த மேஜையைச் சுற்றி நின்ற பிள்ளைகள் முகம் ஒவ்வொன்றாக வந்தது. மூன்று வருஷத்துப் பிள்ளைகள். எல்லாப் பயமும் அப்போதுதான் மொத்தமாக வந்தது.

மதுரையிலிருந்து வந்த அதிகாரி, இது உலகப்போர்க் காலத்து மிலிட்டரிச் சாமான், இப்போது நடப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் போனாராம். அப்படியும் இபுராகிம் அண்ணனை விடவில்லை. மேலதிகாரிகளைக் கேட்க வேண்டும் என்றார்கள். அன்றைக்கு மேடம் வீட்டுக்குப் போகவில்லை. இன்ஸ்பெக்டர் வெளியே வரும்போதெல்லாம் எழுந்து நின்று, "அவர எப்ப விடுவீங்க?" என்று அதே குரலில் கேட்டார். திட்டியும் பார்த்தார்கள். அப்போதும் அவர் குரல் மாறவில்லை. மறுநாள் கந்தசாமி சார் தன் பட்டாளத்துச் சான்றிதழோடு வந்து எழுத்தில் சாட்சி கொடுத்தார். "அவங்கப்பாரும் சோல்ஜருங்க, நானும் சோல்ஜருங்க. சோல்ஜர் வீட்டுல இந்த மாதிரி ஏதாச்சும் ஒண்ணு இருக்கத்தானுங்க செய்யும்" என்றார்.

சாயந்திரம் விட்டார்கள். யாரோ கொடுத்த பெரிய சட்டையைப் போட்டுக்கொண்டு இபுராகிம் அண்ணன் வெளியே வந்தார். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. மேடம் கைகூப்பினார். அவர் எங்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி மைத்துனரோடு நடந்து போனார்.

மேஜையை அன்றைக்கே எடுத்துவிட்டோம். அதற்கப்புறம் பல நாள் டப்பாக்களைத் திறக்கவே பயப்பட்டேன். ஒரு வயதானவர் கொண்டு வந்த கடிகாரம் திடீரென்று ஓட ஆரம்பித்ததற்கு நான் வெளியே ஓடியிருக்கிறேன்.

இரண்டு மாதம் இருக்கும். ஒரு மதியம் இபுராகிம் அண்ணன் வந்தார். ஆள் இளைத்திருந்தார். வாசலுக்கு உள்ளே வராமல் நின்றார். மேடம் எழுந்து போய் அழைத்து வந்தார்.

"சாமான் எல்லாம் திருப்பித் தந்துடறேன் இபுராகிம். கம்பளி, குவளை, சிமிழ், எல்லாம் பத்திரமா இருக்கு" என்றார் மேடம். கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதில்லை என்பது அவரே போட்ட விதி.

"வேணாம் மேடம். வீட்டுக்குக் கொண்டு போனா ஜமீலா பயப்படுவா. இங்கயே இருக்கட்டும்." அலமாரியைப் பார்த்தார். எனாமல் குவளைக்குப் பக்கத்தில் நான் எழுதிய அட்டை இருந்தது. அவர் அத்தா பெயர், பட்டாளத்தில் இருந்த விவரம், கொடுத்தவர் பெயர், ஊர். "அந்தப் பேர மட்டும் எடுத்துருங்க. கடைக்கு வார ஆளு பாதியாப் போச்சு. போன வாரம் மறுபடியும் ரெண்டு பேரு வந்து, வேற எங்கெங்க என்ன சாமான் குடுத்திருக்கேன்னு கேட்டுட்டுப் போனாங்க. எங்க பேரு எங்கயும் இருக்க வேணாம் மேடம்."

மேடம் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் புது அட்டை எடுத்து எழுதினேன். ராணுவ வீரர் ஒருவரின் எனாமல் குவளை, சித்தையன்கோட்டை.

அவரிடம் காட்டினேன். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார்.

"ஊர்ப் பேரும் வேணாம்மா. எங்க ஊர்ல பட்டாளத்துக்குப் போனது அத்தா மட்டும்தான்."

இன்னொரு அட்டை எடுத்தேன். ராணுவ வீரர் ஒருவரின் எனாமல் குவளை.

அதையும் படித்தார். கண்ணை அந்த முதல் வார்த்தையிலிருந்து எடுக்கவில்லை. எனக்கே புரிந்தது. மூன்றாவது அட்டை எடுத்தேன். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

எனாமல் குவளை. வெள்ளை. நீல விளிம்பு.

"இது போதும்மா" என்றார் இபுராகிம் அண்ணன். அட்டையை அவரே வாங்கி, குவளைக்கு முன்னால் நேராக நிறுத்தி வைத்தார்.